அளவுகோலும் குட்டைக் குதி பூட்ஸும்

பெண்களுக்கென்று தைத்த குட்டைக் குதி பூட்ஸை மாட்டிக்கொண்டு நடமாடும் ஆண்கள் என்றொரு இனம் நம்மிடையே பெருகி வருகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கணுக்காலுக்கு மேலே ஒரு பிடி உயரம், உட்பக்கமாக ஓடும் மெல்லிய ஜிப், படகு மூக்கு போல ஒடுங்கிய முன்பக்கம், அடியில் ஓர் அங்குலக் குதி. நடந்தால் டொக் டொக் என்று அடக்கமான சத்தம். கால் மட்டும் தனியாக ஏதோ விருந்துக்குப் போவது போலவும், அதற்கு மேலே உள்ள ஆள் வழக்கம் போல வேலைக்குப் போவது போலவும் ஒரு தோற்றம்.

பதறாதீர்கள். பூட்ஸின் மேல் நமக்கு ஒரு வழக்கும் கிடையாது. தோலுக்கு ஆண் பெண் தெரியாது. இந்தத் துண்டு அண்ணனுக்கு, இந்தத் துண்டு அண்ணிக்கு என்று எந்த மாடும் சொல்லிவிட்டுச் சாகவில்லை. அது மட்டுமா? காலணிக்குக் குதி வைத்துக்கொண்டவர்களே முதலில் ஆண்கள்தான். குதிரைமேல் உட்கார்ந்து போகும்போது சேணத்தில் தொங்கும் மிதிவளையத்திலிருந்து கால் நழுவாமல் இருக்க அது தேவைப்பட்டது. அப்புறம் குதிரையை விட்டு இறங்கினார்கள். இறங்கியவர்கள் குதியைப் பெண்கள் தலையில் கட்டிவிட்டார்கள். இல்லை, காலில். ஆகவே "என் காலுக்கு இதுதான் சுகமாக இருக்கிறது, போடுகிறேன்" என்று சொல்லும் ஆணுக்கு ஒரு வணக்கம் வைத்து வழிவிட்டுவிடுவோம். அவர் மனிதர்.

நம்முடைய ஆள் வேறு. அவன் பூட்ஸ் வாங்கும்போது தன் காலைப் பார்ப்பதில்லை. தனக்கு மேலே இருப்பவரின் காலைப் பார்க்கிறான். வாங்கி மாட்டிய கையோடு தனக்குக் கீழே இருப்பவர்களின் காலை அளக்கப் போகிறான். இந்த இரண்டு வேலைக்கும் நடுவில் அவனுக்கென்று ஒரு கால் இருக்கிறது, அது வலிக்கிறது என்பது அவனுக்கே கடைசியில்தான் தெரியும்.

இந்த இனத்தின் சகல லட்சணமும் பொருந்திய ஒருவர் இருக்கிறார். வாருங்கள், கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

அவர் ஒரு பெரிய ஷோரூமில் உதவி மேலாளர். டைல்ஸ், குழாய், வாஷ் பேசின், கம்மோடு என்று வீட்டின் ஈரமான பகுதிகளுக்கு வேண்டிய அத்தனையும் விற்கும் இடம். சுவர் நெடுகத் தண்ணீர் வராத குழாய்கள் பளபளத்துக்கொண்டிருக்கும். முகம் கழுவ முடியாத பேசின்களுக்கு மேலே, கழுவாத முகத்தையும் அழகாகக் காட்டும் கண்ணாடிகள். ஒரு மேடைமேல் கம்மோடுகள், வெள்ளையும் தந்தநிறமுமாக, மூடி போட்டு, பிரமுகர்களுக்கு ஒதுக்கிய முன்வரிசை போலக் காத்திருக்கும்.

அங்கே வேலை செய்பவர்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் அளவுகோல். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் நீட்டிக்கொண்டிருக்கும். டைல்ஸின் கனத்தைப் பார்க்கத்தான் அது கொடுக்கப்பட்டது. அவர் அதை வைத்துப் பெண்களின் குதியை அளந்தார்.

ஏன் அளந்தார்? அதற்கு முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாளி வாய் திறப்பது அபூர்வம். திட்டுகிற முதலாளியிடம் வேலை செய்துவிடலாம். பேசாத முதலாளியிடம் வேலை செய்கிறவன் பாடு திண்டாட்டம். அவர் முகத்தைப் படிப்பதே ஒரு முழுநேர உத்தியோகம். அளவுகோல் அந்த உத்தியோகத்தில் கரைகண்டவர். முதலாளி தும்மினால் ஏசியைக் குறைப்பார். கண்ணாடியைக் கழற்றினால் விளக்கைக் கூட்டச் சொல்வார். மூக்கைச் சொறிந்தால் அந்த நேரத்தில் எதிரில் நின்ற ஊழியரை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார். இப்படி மாற்றப்பட்டவர்களில் ஒருவர் இன்றுவரை தான் செய்த தப்பு என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு முறை முதலாளியோடு, புதிதாகத் திறந்த ஒரு பெரிய ஹோட்டலுக்கு அளவுகோலும் போயிருந்தார். வாசல் கூடத்தில் வரவேற்புப் பெண்கள் வரிசையாக நின்றார்கள், குதி உயர்ந்த செருப்பில், சிரித்தபடி. முதலாளி சட்டென்று நின்றார். கீழே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார். வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

அளவுகோலுக்குச் சொல் எதற்கு? தலை ஆடியதே போதாதா? மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது: பெண் ஊழியர்கள் இரண்டு அங்குலத்துக்குக் குறையாத குதி அணிய வேண்டும். வாடிக்கையாளர் முன்னிலையில் கம்பீரம் அவசியம்.

அன்றைக்கு ஆரம்பித்தது. தினமும் காலையில் கடை திறக்கும் முன் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். அளவுகோல் ஒரு கால் மடக்கிக் குந்தி, கண்ணைச் சுருக்கி, ஸ்கேலைக் குதியோடு ஒட்டி வைத்துப் பார்ப்பார். பூமியின் விட்டத்தைக் கண்டுபிடித்தவன்கூட அத்தனை கவனமாக அளந்திருக்க மாட்டான். பிறகு நாள் முழுக்க அந்தப் பெண்கள் வழுவழுப்பான டைல்ஸ்மேல், இரண்டு அங்குல உயரத்தில், கம்பீரமாக நொண்டுவார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஒவ்வொருவராக மேடைக்குப் போய், கம்மோடு மூடிமேல் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டுக்கொள்வார்கள். ஒரு நாள் அதையும் அளவுகோல் கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் ஒவ்வொரு மூடிமேலும் ஒரு சீட்டு: "உட்காரக் கூடாது." உட்காருவதற்கென்றே மனிதகுலம் கண்டுபிடித்த ஒரு சாதனத்தின்மேல் அப்படி எழுதி ஒட்டிய முதல் மேதை அவராகத்தான் இருக்க வேண்டும்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, முதலாளி வெளிநாடு போய்த் திரும்பினார். திரும்பியவர் காலில் பூட்ஸ்.

டொக் டொக் என்று அவர் உள்ளே வந்தபோது அளவுகோலின் பார்வை வழக்கம் போல முகத்தில் தொடங்கிக் காலில் முடிந்தது. முடிந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது. கறுப்பு. உட்பக்க ஜிப். ஓர் அங்குலம், கண்ணாலேயே அளந்துவிட்டார். தன்னுடைய கயிறு கட்டிய பழைய ஷூவைப் பார்த்தார். அதற்குள் இருந்த விரல்கள் வெட்கத்தில் மடங்கின.

அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டார். ஆண்கள் செருப்புக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். எங்கும் இல்லை. கடைசியில் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் அதே பூட்ஸ், அதே ஜிப், அதே குதி. உள்ளே பாய்ந்தார். பாய்ந்த பிறகுதான் சுற்றிலும் பார்த்தார். கடை முழுக்கப் பெண்கள்.

"யாருக்கு சார்?" என்றாள் கடைப்பெண்.

"வீட்டுல."

"மேடம் சைஸ் என்ன சார்?"

அளவுகோல் தன் காலைக் குனிந்து பார்த்தார். "இதே சைஸ்தான்."

கடைப்பெண்ணும் குனிந்து பார்த்தாள். "மேடம் நல்ல உயரமா சார்?"

"ஆமாமா. நல்ல வாட்டசாட்டம்."

"அவங்களையே கூட்டிட்டு வந்தீங்கன்னா போட்டுப் பாத்துடலாமே."

"அவளுக்கு எங்க நேரம்? நானே போட்டுப் பாத்துடறேன். எனக்குச் சரியா இருந்தா அவளுக்கும் சரியா இருக்கும்."

கடையில் இருந்ததிலேயே பெரிய சைஸ் வந்தது. அவருடைய கால் அகலமான கால். பூட்ஸ் ஒடுங்கிய பூட்ஸ். மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, ஜிப்பை ஒரு வழியாக மேலே ஏற்றினார். கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்த கடைப்பெண் பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள்: "பாருடி. பொண்டாட்டிக்காக என்ன பாடுபடறாரு மனுஷன். நமக்கும் இப்படி ஒருத்தர் வாய்க்கணுமே!"

வாட்டசாட்டமான மனைவி என்று வர்ணிக்கப்பட்ட அந்த அம்மாள் உண்மையில் அளவுகோலின் தோளுக்குக் கீழே நிற்பார். வீட்டுக்குள் டொக் டொக் கேட்டதும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது?"

"பூட்ஸ்."

"பூட்ஸ்னு தெரியுது. யாரோடது?"

"என்னோடதுதான். ஏன்?"

"ஏங்க, இது லேடீஸ் பூட்ஸுங்க."

"முதலாளி போட்டிருக்கார்."

"அதனால?"

"முதலாளி போட்டுட்டா அப்புறம் அது ஜென்ட்ஸ்."

"அப்ப நாளைக்கு அவர் ஒரு நைட்டியைப் போட்டுட்டு வந்தார்னா?"

அளவுகோல் யோசித்தார். அவர் யோசித்ததுதான் அந்த அம்மாளுக்குக் கவலையாக இருந்தது.

ஒரு தொத்துநோய் எப்படிப் பரவுகிறது என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க விரும்புகிறவர்கள் அந்த ஷோரூமுக்கு மாணவர்களை அழைத்துப் போயிருக்கலாம். முதலாளி காலில் இருந்தது அளவுகோல் காலுக்கு வந்தது. அளவுகோல் காலில் இருந்தது கணக்கர் காலுக்கு, கணக்கர் காலில் இருந்தது கிடங்குப் பொறுப்பாளர் காலுக்கு. கணக்கர் முதலாளியின் மச்சான். கிடங்குக்காரர் அந்தக் கணக்கரின் சீட்டாட்டக் கூட்டாளி. இருவரும் ஒரே மாலையில், ஒரே கடையில், ஒரே அலமாரிக்கு இரண்டு பக்கமும் ஒளிந்து நின்று, ஒருவரையொருவர் பார்த்துவிட்டார்கள்.

"நீங்க எங்க இங்க?" என்றார் கிடங்குக்காரர்.

"சித்திக்கு ஒரு செருப்பு. நீ?"

"தங்கச்சிக்கு."

"உனக்குத் தங்கச்சியே இல்லியேய்யா."

"உங்க சித்தி வெளியூர்ல இருக்காங்களே."

இரண்டு பேரும் அலமாரியைப் பார்த்தார்கள். பிறகு ஆளுக்கொரு ஜோடியை எடுத்துக்கொண்டு, வேறு வேறு வாசல் வழியாக வெளியேறினார்கள். கிடங்குக்காரருடைய காலுக்கு உலகத்தில் எந்தப் பெண்கள் கடையிலும் பூட்ஸ் கிடையாது. அவர் பின்தையலைப் பிளந்து, கயிற்றால் இழுத்துக் கட்டி, மேலே பேன்ட்டை இறக்கி விட்டுக்கொண்டார். சிரிக்காதீர்கள். விசுவாசத்தைப் பின்னாலிருந்து பார்த்தால் எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

கொஞ்ச நாளில் எந்த ஆண் நடந்தாலும் டொக் டொக். எல்லோருக்கும் அது பெண்கள் பூட்ஸ் என்று தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாராவது வாயைத் திறந்தால் முதலாளியைச் சொன்னதாகிவிடுமே! ஆக, பார்த்ததைப் பார்க்காதது போல் இருக்கும் அந்த மகத்தான கலையில் ஒரு ஷோரூம் முழுவதும் தேர்ச்சி பெற்றது. அளவுகோல் அதற்கு முத்திரையும் குத்தினார். பலகையில் புதுத் தாள்: ஆண் ஊழியர்கள் ஓர் அங்குலக் குதியுள்ள கறுப்புப் பூட்ஸ் அணிய வேண்டும். பெண்களுக்கு முன்பு சொன்ன விதியே. ஆண்களின் காலணியைப் பெண்கள் அணிவது ஒழுங்கீனம். வேலைநீக்கம் வரை நடவடிக்கை உண்டு.

கவனித்தீர்களா? பெண்ணுக்கென்று வரைந்து, பெண்ணின் காலை வைத்து அச்செடுத்து, பெண்களுக்காகத் தைத்த ஒரு காலணி, பெண்கள் போடக்கூடாத காலணி ஆகிவிட்டது. எதிர்த்துக் கேட்க யாருமில்லை. உலகத்தில் பல காரியங்கள் இப்படித்தான் நடந்திருக்கின்றன. இதில் பூட்ஸ் என்பதால் நமக்குச் சிரிப்பு வருகிறது.

சிரிப்பு வராத ஒருவர் அங்கே இருந்தார். குழாய்ப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். சின்னவர்கள் பெரியவர்கள் எல்லோரும் அவரை அக்கா என்பார்கள். ஒரு குழாய் வாங்க வந்தவரை ஒரு குளியலறையோடு திருப்பி அனுப்புகிற வாய்ச்சாலகம். வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான். கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான், இரண்டு பிள்ளைகள் படிக்கின்றன. குதிகால் எலும்பில் அவருக்கு வலி வந்து, காலையில் படுக்கையை விட்டு இறங்கிக் காலை ஊன்றினால் முள் மேல் நிற்பது போல் இருந்தது. குதி உயர்ந்த செருப்பைத் தொடாதே என்று டாக்டர் கண்டித்திருந்தார். அக்கா அளவுகோலிடம் போய்ச் சொன்னார்.

"டாக்டரா உங்களுக்குச் சம்பளம் குடுக்கறார்?" என்றார் அளவுகோல்.

"இல்ல சார். ஆனா கால் என்னோடது சார்."

"கடைக்குள்ள வந்துட்டா கால் கடையோடது."

தட்டையான செருப்பில் வந்ததற்காக இரண்டு முறை எச்சரித்தாயிற்று. இன்னொரு முறை என்றால் வீட்டுக்குப் போகலாம் என்றும் சொல்லியாயிற்று. அன்று வேலை முடிந்து அக்கா செருப்புக் கடைக்குப் போனார். வலிக்காத குதி ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான் போனார். அலமாரியில் அந்தப் பூட்ஸைப் பார்த்தார். போட்டுப் பார்த்தார். அவருக்கென்றே தைத்தது போல உட்கார்ந்தது. உட்காராதா பின்னே? அவருக்கென்றுதானே தைத்தது!

மறுநாள் காலை. வரிசைக்கு இன்னும் நேரம் இருந்தது. வாசல் பக்கம் டொக் டொக். வலியில்லாத காலின் சீரான சத்தம். அப்படி நடக்கிறவர் அந்தக் கடையில் முதலாளி ஒருவர்தான். அளவுகோல் குதித்தெழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, முகத்தில் புன்னகையைப் பொருத்திக்கொண்டு, "வணக்கம் சார்!" என்று இடுப்பு வளைந்தார்.

"வணக்கம் சார்" என்றார் அக்கா.

வளைந்தது வளைந்தபடியே நின்றது. கண்ணுக்கு நேரே அந்தப் பூட்ஸ். அளவுகோல் அப்படியே ஸ்கேலை உருவி அளந்தார். ஓர் அங்குலம்.

"என்னம்மா இது?"

"பூட்ஸ் சார்."

"ஆம்பளைங்க பூட்ஸைப் போட்டுட்டு வந்திருக்கே."

"இல்லங்க சார். பொம்பளைங்க பூட்ஸ். பொம்பளைங்க கடையிலதான் வாங்கினேன்."

சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. கணக்கர் தன் காலை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். கிடங்குக்காரர் ஒரு வாஷ் பேசினுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"பொம்பளைங்க பூட்ஸா? அப்ப நான் போட்டிருக்கறது என்னவாம்?"

"அதை என் வாயால எப்படி சார் சொல்றது?"

இளம்பெண் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அளவுகோலின் முகம் சிவந்தது. ஆனால் அடுத்த கணம் அதே முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பிடி கிடைத்துவிட்டது!

"அப்ப முதலாளி போட்டிருக்கறதும் பொம்பளைங்க பூட்ஸ்னு சொல்றே. எல்லார் முன்னாடியும் சொல்றே. கேட்டீங்கல்ல எல்லாரும்? வாம்மா ரூமுக்கு. இன்னியோட உனக்கும் இந்தக் கடைக்கும் உறவு முடிஞ்சுது."

அக்காவின் முகம் வெளுத்தது. வாயை விட்டு வேலையைத் தொலைத்தோமே என்று ஒரு நிமிடம் நினைத்தார். பிள்ளைகள் இரண்டும் கண்முன் வந்து நின்றன. ஆனால் காலைக் கீழே பார்த்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அது வலிக்காமல் இருந்தது. நடந்தார்.

கூட்டம் கூடியிருந்தபோதே பக்கவாசல் வழியாக வந்துவிட்டிருந்த முதலாளி, தன் அறையில் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு உட்கார்ந்து, ஒரு டைல்ஸைச் சாய்த்துச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், சொல்லவே நாக்கு கூசுது" என்று அளவுகோல் ஆரம்பித்தார். "நீங்க போட்டிருக்கறது பொம்பளைங்க பூட்ஸாம் சார். இந்தம்மா எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க."

முதலாளி டைல்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமா" என்றார்.

"ஆமாவா சார்?"

"லேடீஸ்தான். என் கால் சின்னதுய்யா. ஆம்பளைங்க கடைக்குப் போனா சின்னப் பசங்க செருப்பைக் காட்டறான். இது மெத்துனு இருக்கு, வலிக்கல, போட்டுக்கறேன். ஏன், போடக்கூடாதுன்னு எங்கயாவது சட்டம் இருக்கா?"

"இருக்கு சார், நான்தான் போட்டேன்" என்று நாக்கு நுனிவரை வந்ததை அளவுகோல் விழுங்கினார்.

"எனக்கும் அதே காரணம்தான் சார்" என்றார் அக்கா. "வலிக்கல."

முதலாளி முதல்முறையாக நிமிர்ந்தார். "அப்பப் போட்டுக்கோம்மா. யாரு வேண்டாம்னா?"

இரண்டு பேரும் அளவுகோலைப் பார்த்தார்கள். அவருக்கு வியர்த்தது. "சார், பொண்ணுங்களுக்கு ரெண்டு அங்குலம் வேணும்னு நீங்கதானே சார்..."

"நானா? எப்ப சொன்னேன்?"

"சொல்லல சார். தலையாட்டினீங்க. அந்த ஹோட்டல்ல. அந்தப் பொண்ணுங்க காலைப் பாத்து."

"நான் எதுக்குய்யா பொண்ணுங்க காலைப் பாக்கறேன்? தரையைப் பாத்தேன்! டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவுல கோடே தெரியாம ஒட்டியிருந்தான். யாருடா இந்த வேலைக்காரன்னு அசந்துபோயிட்டேன்."

வாசகரே, கொஞ்சம் நில்லுங்கள். ஒரு மனிதர் தரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த ஆட்டத்துக்காக ஒரு கூட்டம் பெண்கள் ஆண்டுக்கணக்கில் குதிகாலையும் முழங்காலையும் இடுப்பையும் காணிக்கை கொடுத்தார்கள். அந்த விதி எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒரே நாளில் உடைந்திருக்கும். யார் கேட்பது? மேலே கேட்டால் மரியாதைக் குறைவு, கீழே கேட்டால் ஒழுங்கீனம். நம்மை இன்றைக்கும் கட்டிப்போட்டிருக்கும் ஒழுக்கங்களில், ஆசாரங்களில், "அந்தக் காலத்துலேயே பெரியவங்க சொல்லிட்டுப் போயிட்டாங்க" என்பவற்றில், எத்தனை இப்படி யாரோ தரையைப் பார்த்து ஆட்டிய தலையிலிருந்து பிறந்தவை? எண்ணிப் பார்க்கவே உடம்பு கூசுகிறது.

அக்கா கிளம்பவில்லை. வேலை தப்பித்தது என்று தெரிந்த பிறகுதான் அவருக்குக் கோபமே வந்தது.

"தெரியாம நடந்துபோச்சு, சரி சார். ஆனா இத்தனை வருஷமா நாங்க நொண்டிக்கிட்டுத்தான் நடந்தோம். நீங்களும் தினம் அதே வழியாத்தானே போனீங்க. ஏம்மா நொண்டறேன்னு ஒரு வார்த்தை கேக்கலியே."

முதலாளியின் குரல் இறங்கியது. "நான் தரையைத்தானேம்மா பாப்பேன்."

"தரைமேலதான் சார் நாங்களும் நின்னோம்."

முதலாளி கையிலிருந்த டைல்ஸைக் கீழே வைத்தார். பிறகு, அதை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

அன்றே பலகையிலிருந்த தாள்கள் கிழிந்தன. மறுநாள் பெண்கள் அவரவர் காலுக்கு எது சரியோ அதில் வந்தார்கள். ஒருத்தி துணி ஷூ, ஒருத்தி தட்டைச் செருப்பு, இரண்டு பேர் அக்காவைப் போலப் பூட்ஸ். களுக்கென்று சிரித்த அந்த இளம்பெண் மட்டும் பழைய உயரச் செருப்பிலேயே வந்தாள். "எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு, நான் போடுவேன்" என்றாள். "கீழ குந்தி அளக்க மட்டும் யாரும் வரவேணாம்."

ஆண்கள் பாடுதான் பெரும்பாடு. முதலாளியே தன் வாயால் அது பெண்கள் பூட்ஸ் என்று சொல்லிவிட்டார். போட்டால் மானம் போகிறது. ஆனால் சொன்ன முதலாளி கழற்றவில்லையே! கழற்றினால் அவரை விட்டுக்கொடுத்தது போலாகிறது. கணக்கர் இரண்டு நாள் லீவு போட்டுப் பார்த்தார். அளவுகோல் துணிந்து போட்டார். விடாமல் போட்டார். அகலமான கால் ஒடுங்கிய பூட்ஸுக்குள் கொப்புளித்து, கொப்புளம் உடைந்து, உடைந்த இடம் காய்த்து, அவர் நடையில் டொக் டொக் போய் டொக்... டொக் வந்துவிட்டது. அக்கா நொண்டுவதை நிறுத்திய கடையில் அவர் நொண்ட ஆரம்பித்தார்.

ஒரு மதியம் வாடிக்கையாளர் யாரும் இல்லை. அளவுகோல் அக்கம்பக்கம் பார்த்தார். மெல்ல மேடையேறி, "உட்காரக் கூடாது" என்ற தன்னுடைய சீட்டின்மேலேயே உட்கார்ந்து, கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார். திறந்தபோது எதிரே அக்கா நின்றார்.

அளவுகோல் பதறி எழப் பார்த்தார். கால் ஒத்துழைக்கவில்லை.

"உட்காருங்க சார். அதுக்குத்தானே அது இருக்கு" என்றார் அக்கா. "பூட்ஸைக் கொஞ்சம் கழட்டி வெச்சுட்டு உட்காருங்களேன்."

"கழட்டினா மறுபடி ஏறமாட்டேங்குதும்மா."

"அப்பப் போடாதீங்க."

எவ்வளவு சின்ன வாக்கியம்! அளவுகோலின் வாழ்க்கையில் அதுவரை யாரும் அவரிடம் அதைச் சொன்னதில்லை. போடாமலும் இருக்கலாம் என்ற எண்ணம் அவருடைய தலைக்குள் முதல்முறையாக, வழி தெரியாமல் வீடு மாறி வந்தவர் போல, தயங்கித் தயங்கி நுழைந்தது. கை ஜிப்புக்குப் போனது. பாதி இறக்கினார். கொஞ்சம் காற்று உள்ளே போனது. விரல்கள் விரிந்தன. முகம் இளகியது. ஒரே ஒரு நிமிடம் அவர் ஒரு மனிதரைப் போல இருந்தார்.

அப்போது வாசல் பக்கம் ஒரு புதுச் சத்தம். டொக் டொக் இல்லை. சரக்... சரக்... முதலாளி வந்துகொண்டிருந்தார். காலில் பூட்ஸ் இல்லை. வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் பஞ்சு வைத்த செருப்பு, ஊதா நிறம், மேலே உருண்டையாக ஒரு குஞ்சம்.

அளவுகோல் ஜிப்பைச் சரக்கென்று மேலே ஏற்றினார். எழுந்து நின்றார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கண் அந்தக் குஞ்சத்தில் ஒட்டிக்கொண்டது.

"ஏம்மா," என்றார் அக்காவின் பக்கம் திரும்பாமலே, குரலைத் தாழ்த்தி, "அது எந்தக் கடையில கிடைக்கும்?"

அவ்வளவுதான் அவர் கதை. ஆனால் நீங்கள் ஏன் குனிகிறீர்கள்? உங்கள் காலில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லையே. செருப்பே போடாதவர்களுக்கும் இந்த இனத்தில் இடம் உண்டு. நிமிர்ந்து உட்காருங்கள். கையை மெதுவாகச் சட்டைப் பைக்குக் கொண்டுபோங்கள். அங்கே ஏதோ ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது பேனாதான் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா? எடுத்துப் பார்த்துவிடுங்கள். உங்கள் வீட்டில் யாரோ கொஞ்ச நாளாக நொண்டிக்கொண்டிருக்கிறார்கள்.